பத்தாவது ஆள் எங்கே?

ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். விளக்குகள் எரிகின்றன. வேதச் சுருள் பேழைக்குள் தயாராக இருக்கிறது. ஆனாலும் கூட்டு வழிபாடு தொடங்கவில்லை. எல்லோரும் வாசலையே பார்க்கிறார்கள்.

பத்தாவது ஆள் இன்னும் வரவில்லை!

யூதர்களின் முறை அது. பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் முழுமையான கூட்டு வழிபாடு நடத்தலாம். ஒன்பது பேர் இருந்தால் போதாது. கொச்சி, மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெப ஆலயத்தில் இந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஊர் பார்க்க வந்த வெளிநாட்டு யூதர்களைச் சேர்த்துக்கொண்டு வழிபட வேண்டிய நிலை வந்தது.

அந்த ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு சிறு கூட்டம் அங்கே தன் மதத்தைக் காப்பாற்றியது. எப்படிக் காப்பாற்றியது? பிறகு ஏன் ஆள் குறைந்தது? பேராவூரணியில் உள்ள குடும்பங்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடல் தாண்டிய பிள்ளைகள்

பேராவூரணிப் பக்கத்தில் சிங்கப்பூருக்கோ, மலேசியாவுக்கோ, வளைகுடா நாட்டுக்கோ ஆள் போகாத தெரு அரிது. போனவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். நீலகண்டப் பிள்ளையார் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு, முடிந்தவர்கள் வந்து போகிறார்கள்.

ஆனால் அங்கேயே பிறந்து வளரும் பேரப்பிள்ளை? “அப்பாயி, நம்ம குலதெய்வம் பேரு என்ன?” என்று அவன் கேட்டால் நல்லது. கேட்காமலே வளர்ந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கவலை யூதர்களுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

கோயில் இடிந்தது, வீடு நின்றது

கி.பி. 70-ல் ரோமானியர்கள் ஜெருசலேம் கோயிலை இடித்தார்கள். கோயில் இல்லை, பலி பூசை இல்லை. மக்கள் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். கோயில் போனபின் மதம் எங்கே பிழைத்தது?

வீட்டில்தான் பிழைத்தது!

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் வீட்டுப் பெண் விளக்கு ஏற்றுவாள். நம் வீடுகளிலும் வெள்ளிக்கிழமை விளக்குக்குத் தனிச் சிறப்பு உண்டல்லவா? அவர்கள் வீட்டில் அந்த விளக்கு ஏற்றியதும் ஓய்வு நாள் தொடங்கும். சனிக்கிழமை பொழுது சாய்ந்து இருட்டும்வரை வேலை கிடையாது.

பஸ்கா பண்டிகை இரவில் வீட்டிலுள்ள இளைய பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். இந்த இரவுக்கு என்ன சிறப்பு என்று கேட்க வேண்டும். பெரியவர்கள், எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் விடுதலை பெற்ற கதையைச் சொல்ல வேண்டும். பிள்ளை கேள்வி கேட்பதையே ஒரு சடங்காக்கி வைத்தார்கள்! அப்படி இருக்கும்போது கேட்காமல் எப்படி வளர முடியும்?

அரசன் தந்த செப்பேடு

கேரளத்துக்கு வந்த யூதர்களை மன்னர்கள் ஆதரித்தார்கள். கி.பி. 1000-ஐ ஒட்டி, பாஸ்கர ரவி வர்மன் என்ற சேர மன்னன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு வழங்கினான். அது வட்டெழுத்தில் உள்ளது. பகல் விளக்கு, பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளை அது அவருக்குத் தந்தது. பிற்காலத்தில் போர்ச்சுக்கீசியர்கள் யூதர்களைத் துன்புறுத்தியபோது, கொச்சி மன்னர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

“பகைவர்கள் விரட்டினார்கள், அதனால்தான் யூதர்கள் ஒன்றாக நின்றார்கள்” என்று சொல்வோர் உண்டு. அது பாதி உண்மையே. கொச்சியில் அரசன் ஆதரித்தான். அக்கம் பக்கத்தார் அன்பாக இருந்தார்கள். மலையாளம் பேசினார்கள்; யூதப் பெண்கள் வேதக் கதைகளை மலையாளத்தில் பாட்டாகக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பாடி வந்தார்கள். அப்படியும் யூதர்களாகவே இருந்தார்கள்.

ஊரோடு ஒத்து வாழ்ந்தால் மதம் போய்விடும் என்ற பயம் வீண் என்பதற்கு இதுவே சாட்சி.

படிக்க ஆள் இல்லை

சீனாவில் கைஃபெங் என்ற நகரத்திலும் யூதர்கள் இருந்தார்கள். அங்கும் பெரிய கொடுமை எதுவும் நடக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு ஹீப்ரு மொழி சொல்லிக்கொடுப்பது நின்றது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைசி மதகுரு இறந்தார். அதற்குப்பின் வேதத்தைப் படிக்க ஆள் இல்லை. போற்றிக் காத்த வேதச் சுருள்களை விற்றுவிட்டார்கள். ஆலயமும் அழிந்தது.

மராட்டியத்தில், கொங்கணக் கடற்கரையில் ‘பெனே இஸ்ரேல்’ யூதர்கள் வாழ்ந்தார்கள். இவர்களும் ஹீப்ருவை மறந்தார்கள். தொழில், செக்கில் எண்ணெய் ஆட்டுவது. ஆனால் சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது! ஊரார் அவர்களுக்கு ‘சனிவார் தேலி’ என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை வேலை செய்யாத வாணியர் என்று பொருள்.

வேதம் மறந்தது. ஆனால் “நாம் இன்னார், நமக்குச் சனிக்கிழமை ஓய்வு” என்ற நினைவு மறக்கவில்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மீண்டும் மேலே வந்தார்கள். கொச்சி யூதர்கள் பம்பாய்க்குப் போய் அவர்களுக்கு வேதம் கற்பித்தார்கள். 1796-ல் பம்பாயில் அவர்களுக்கென்று ஆலயம் எழுந்தது.

மொரீசியஸ் தீவுத் தமிழர்களைப் பாருங்கள். பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. ஆனால் தைப்பூசக் காவடியை விடவில்லை. அன்று அந்த நாட்டுக்கே விடுமுறை! மொழியையும் காத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் ஒரு பிடி மிச்சம் இருப்பதால், மீண்டும் கற்க வழி இருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்தால்?

இதில் ஒரு கசப்பான பாடமும் உண்டு.

பரதேசி ஆலயத்தில் எல்லா யூதரும் சமமாக இருக்கவில்லை. வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று பிரிவினை இருந்தது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்களுக்கு, உள்ளே பெஞ்சியில் உட்காரக்கூட உரிமை இல்லை. ஒரே கடவுள், ஒரே வேதம். ஆனால் உட்கார இடம் வேறு!

ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் இதை எதிர்த்தார். காந்தியடிகள் வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்று அவரை அழைத்தார்கள். அந்தத் தடைகள் மெல்ல மெல்ல விலகின.

1948-ல் இஸ்ரேல் நாடு பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். ஆலயத்தில் ஆள் குறைந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். போனவர்கள் மதத்தை விட்டுவிடவில்லை. நெவாதிம் என்ற ஊரில் கொச்சி முறையிலேயே ஆலயம் கட்டினார்கள். மட்டாஞ்சேரியில் இன்று மிஞ்சியிருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பத்தாவது ஆள் வரமாட்டானா என்று வாசலைப் பார்த்த அதே ஆலயம்தான், ஒரு காலத்தில் வாசலுக்கு வந்தவனை உள்ளே சமமாக உட்கார விடவில்லை! வந்தவனைத் தள்ளிவைப்பது மதத்தைக் காக்கும் வழி ஆகாது.

வரப்பும் மடையும்

பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீரின் அருமை அங்குள்ள உழவனுக்குத் தெரியும். வயலுக்கு வரப்பு வேண்டும். வரப்பு இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது, பயிர் காயும். மடையும் வேண்டும். மடையை ஒரேயடியாக அடைத்துவிட்டால் பயிர் அழுகும்.

“நாம் இன்னார்” என்ற எண்ணம் வரப்பு. அதை வீட்டில்தான் போட வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துங்கள். குலதெய்வத்தின் கதையைச் சொல்லுங்கள். அவன் கேட்கும் கேள்விக்கு, “சும்மா இரு!” என்று சொல்லாமல் பதில் சொல்லுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்குத் தொலைபேசியிலாவது சொல்லுங்கள்.

பிறரையும் மதித்துச் சமமாக உட்கார வைப்பது மடை. அதையும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

பத்தாவது ஆளை வாசலில் தேடிப் பயன் இல்லை. அவனை வீட்டில்தான் வளர்க்க வேண்டும்!