ஒன்றுக்கு எண்பது

குடும்ப இதழொன்றில் குதிரைப் பந்தயத்திற்கு என்ன வேலை என்று வாசக அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுடைய மனக்குறையை நாம் மதிக்கிறோம். பந்தயப் பித்தினால் சீரழிந்த இல்லங்களை நாமும் கண்டிருக்கிறோம். வளையலும் தாலிக்கொடியும் ஒன்றன்பின் ஒன்றாக அடகுக் கடைக்குச் சென்ற கதைகளைப் பெண்மக்கள் கண்ணீரோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே, பந்தயப் பணத்திற்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. ஆயினும் அந்தத் திடலில் ஓடியது பணம் மட்டுமன்று. மனிதர் சிலருடைய நெடுங்காலப் பொறுமையும் அங்கே ஓடியது. அதனைப் பற்றித்தான் இத்திங்கள் வாசகரோடு உரையாட விழைகிறோம்.

அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள சர்ச்சில் டவுன்ஸ் திடலில் 1875ஆம் ஆண்டு முதல் ஆண்டு தவறாமல் நடைபெற்று வருவது கென்டக்கி டெர்பி. வேலி, பள்ளம் முதலிய தடைகள் ஏதுமற்ற சமதரையில், மூன்று வயது நிரம்பிய குதிரைகள் மட்டும் ஒன்றேகால் மைல் ஓடவேண்டும். இரண்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். குதிரையொன்று தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இதில் ஓட முடியும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் நடைபெற்ற 148ஆவது டெர்பியே நாம் சொல்லப்புகும் நிகழ்ச்சி.

எரிக் ரீட் என்பவர் அம்மாநிலத்தைச் சேர்ந்த குதிரைப் பயிற்சியாளர். தந்தையின் வழியில் இத்தொழிலுக்கு வந்தவர். பெருஞ்செல்வர்களுடைய விலையுயர்ந்த குதிரைகள் அவரை நாடி வந்ததில்லை. சிறு திடல்களில் ஓடும் எளிய குதிரைகளைப் பழக்கியே பல்லாண்டுகளாகப் பிழைத்து வந்தார். லெக்சிங்டன் நகருக்கு அருகில் அவருடைய பயிற்சி நிலையம் இருந்தது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஓர் இரவில் அங்கிருந்த லாயம் ஒன்று தீப்பற்றிக்கொண்டது. மின்னல் தாக்கியதே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. அந்த லாயத்திலிருந்து 13 குதிரைகளைத்தான் வெளியே இழுத்துவர முடிந்தது. 23 குதிரைகள் வெந்து மடிந்தன. தன் கையால் தீவனமிட்டு வளர்த்த உயிர்களின் ஓலத்தைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாமல் நின்றவனின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! இனி இத்தொழிலே வேண்டாம் என்று அவர் எண்ணினார். ஆனால் பொழுது விடிந்ததும் அறிந்தவரும் அறியாதவருமாகப் பலர் உதவிக்கு வந்து நின்றனர். தொழிலை விடுவதில்லை என்று அவர் உறுதி கொண்டார்.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ரீட் ஒரு குதிரையின்மீது கண் வைத்தார். ‘ரிச் ஸ்ட்ரைக்’ என்பது அதன் பெயர். புகழ்பெற்ற கலுமெட் பண்ணையில் பிறந்த குதிரைதான். எனினும் முதல் ஓட்டத்திலேயே கடைசியாக வந்த குதிரை. அதனை வளர்த்தவர்களே விற்றுவிடத் துணிந்தனர். அந்நாட்டில் ஒரு வகைப் பந்தயம் உண்டு. அதில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்னரே விலை குறிக்கப்பட்டிருக்கும். வாங்க விரும்புவோர் ஓட்டம் தொடங்குமுன் பணத்தைக் கட்டி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓடிய பின்னர் குதிரை தோற்றாலும் வாங்கியவருக்கே சொந்தம். வென்றாலும் வாங்கியவருக்கே சொந்தம். ரிக் டாசன் என்னும் உரிமையாளருக்காக ரீட் 30,000 டாலருக்கு எழுதிக் கொடுத்தார். குதிரைச் சந்தையில் இது அற்பத் தொகை. அன்றைய ஓட்டத்தில் ரிச் ஸ்ட்ரைக் பதினேழே கால் குதிரை நீளம் முந்தி வென்றது. வென்றதைக் கண்டு வாங்க எவராலும் ஆகும். வெல்வதற்கு முன் வாங்கியதில்தான் ரீட்டின் கண் தெரிகிறது.

அதன் பின்னர் அக்குதிரை எதையும் வெல்லவில்லை. மூன்றாவதாக வந்தது, நான்காவதாக வந்தது, முதலாவதாக வரவில்லை. டெர்பியில் ஓட 20 குதிரைகளுக்குத்தான் இடம். முந்தைய பந்தயங்களில் ஈட்டிய புள்ளிகளைக் கொண்டு வரிசை அமைப்பார்கள். ரிச் ஸ்ட்ரைக் அந்த இருபதில் இல்லை. யாரேனும் விலகினால் உள்ளே வரலாம் என்ற காத்திருப்போர் பட்டியலில்தான் அதன் பெயர் இருந்தது. ஆயினும் ரீட் அதனை டெர்பிக்கென்றே பழக்கி, திடலுக்கும் கொண்டுவந்துவிட்டார். பந்தி நிறைந்த வீட்டின் வாசலில், இலை கிடைக்குமா என்று தெரியாமலே குளித்து உடுத்திக் காத்து நிற்பதைப் போன்றது அது.

பந்தயத்திற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, காலை 9 மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குச் சிறிது நேரம் முன்புவரை எவரும் விலகவில்லை. இடமில்லை என்று ரீட் தம் மக்களிடம் சொல்லியும் விட்டார். கடைசி நிமிடங்களில் ‘எதீரியல் ரோடு’ என்ற குதிரை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதனைப் பழக்கியவர் டி. வெய்ன் லூக்காஸ். எண்பத்தாறு வயதை எட்டியிருந்த அந்த முதியவர், டெர்பியை நான்கு முறை வென்றவர். குதிரை அவ்வளவு பெரிய ஓட்டத்திற்கு அணியமாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது, விலக்கிக்கொண்டார். ரீட்டுக்கு அழைப்புப் போயிற்று. இருபதாவது இடம் ரிச் ஸ்ட்ரைக்குக்குக் கிடைத்தது. எல்லாவற்றிற்கும் வெளிப்புறமான கூண்டு அது. எவரும் விரும்பாத இடம்.

குதிரையை ஓட்டியவர் வெனிசுவேலா நாட்டிலிருந்து வந்த சன்னி லியோன். ஒகையோ மாநிலத்துச் சிறு திடல்களில் பெயர் பெற்றவர். டெர்பியில் அதற்கு முன் ஓட்டியதே இல்லை. பந்தயக்காரர்கள் அக்குதிரைக்குக் கொடுத்த மதிப்பு ஒன்றுக்கு எண்பது. ஓடிய இருபதில் அதுவே கடைசி மதிப்பு. மக்கள் பெரிதும் நம்பியது ‘எபிசென்டர்’ என்னும் குதிரையை. அதன் பயிற்சியாளர் ஸ்டீவ் ஆஸ்முசென், வட அமெரிக்காவில் எவரினும் மிகுதியான பந்தயங்களை வென்றவர். ஆயினும் டெர்பி மட்டும் அந்நாள் வரை அவர் கைக்கு எட்டவில்லை.

கூண்டுகள் திறந்தன. முன்னணிக் குதிரைகள் தலைதெறிக்க ஓடின. முதல் கால் மைலை 21.78 வினாடியில் கடந்தார்கள். டெர்பியின் வரலாற்றிலேயே அவ்வளவு விரைவான தொடக்கம் இருந்ததில்லை. லியோனோ குதிரையை அடக்கிப் பிடித்து, கூட்டத்தின் பின்னால் உட்புற வேலியோரமாகக் கொண்டுவந்தார். வளைவுகளில் உட்புறம் ஓடுபவருக்குத் தூரம் குறைவு என்பதை அவர் அறிவார். கடைசித் திருப்பத்தில், தொடக்கத்தில் பாய்ந்தவை ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முதலில் முன்னே ஓடிய ‘சம்மர் இஸ் டுமாரோ’ இறுதியில் இருபதாவதாக வந்தது. எபிசென்டரும் ‘ஜாண்டன்’ என்ற குதிரையும் தோளோடு தோள் உரசி ஓட, எல்லாருடைய கண்ணும் அவற்றின் மேலேயே இருந்தது. அந்நேரம் ரிச் ஸ்ட்ரைக் தளர்ந்த குதிரையொன்றைச் சுற்றிக்கொண்டு மீண்டும் வேலியோரம் புகுந்து, எவரும் பாராத உட்புறத்திலிருந்து எழுந்து வந்தது. முக்கால் குதிரை நீளத்தில் வெற்றி. நேரம் 2 நிமிடம் 2.61 வினாடி. திடலில் இருந்த ஒன்றரை இலட்சம் பேருக்குச் சற்று நேரம் பேச்சே எழவில்லை. ரீட், குதிரைகளுக்குச் சேணம் பூட்டும் முற்றத்தில் நின்று பார்த்தவர், அங்கேயே தரையில் சாய்ந்துவிட்டார்.

1913ஆம் ஆண்டு ‘டோனரெயில்’ என்ற குதிரை ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்று என்ற மதிப்பில் வென்றதைத் தவிர, டெர்பியில் இத்தகைய எதிர்பாராத வெற்றி நிகழ்ந்ததில்லை. வென்ற குதிரையோ தன் பெருமையை உணர்ந்ததாகத் தெரியவில்லை. அழைத்துச் செல்ல வந்தவரின் குதிரையைக் கடித்து ரகளை செய்துகொண்டிருந்தது!

இனி, முதலில் சொன்ன பணத்தின் கதைக்கு வருவோம். இரண்டு டாலர் கட்டியவருக்கு 163 டாலர் 60 சென்ட் கிடைத்தது. இதைக் கேட்டவுடன் நம் இளைஞர் சிலருக்குக் கை அரிக்கும் என்பதை அறிவோம். அவர்கள் கணக்கையும் கேட்கட்டும். அந்த ஒரு பந்தயத்தில் மட்டும் பலவகையிலும் கட்டப்பட்ட தொகை ஏறத்தாழ 17 கோடியே 90 இலட்சம் டாலர். கட்டியவர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்களேயன்றித் திடலோடு மோதுவதில்லை. திடலார் முதலில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அன்று முதலிடத்திற்கெனக் கட்டிய ஒவ்வொரு நூறு டாலரிலும் ஏறத்தாழ ஒரு டாலர்தான் ரிச் ஸ்ட்ரைக்கின்மேல் விழுந்திருந்தது. மற்றத் தொண்ணூற்றொன்பதும் போன வழி திரும்பவில்லை. எண்பது மடங்கு பெற்றவனின் படத்தைப் பத்திரிகை போடும். தொண்ணூற்றொன்பதை இழந்தவர்களின் வீட்டு அடுப்பைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஒருமுறை நடந்ததைக் கண்டு மறுமுறையும் நடக்கும் என்று கட்டுபவன், 1913க்கும் 2022க்கும் இடையே நூற்றொன்பது ஆண்டுகள் இருப்பதை மறந்துவிடுகிறான்.

ஆனால் ரீட் செய்தது சூதாட்டமன்று. அவர் கட்டியது உழைப்பு. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது பெற்றோர் கடமை. சூதாடுபவன் இரண்டு நிமிடம் காத்திருக்கிறான்; உழைப்பவன் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறான். இடம் கிடைக்கும் என்று உறுதியானால்தான் படிப்பேன், வேலை நிச்சயமானால்தான் முயல்வேன் என்று சொல்லும் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள். ரிச் ஸ்ட்ரைக்கைப் பழக்கியவர் அவ்வாறு எண்ணியிருப்பாரானால், வெள்ளிக்கிழமை காலை அழைப்பு வந்தபோது குதிரை வெகுதொலைவில் தன் லாயத்தில் புல் தின்றுகொண்டிருந்திருக்கும். இடம் கிடைப்பது நம் கையில் இல்லை. கிடைத்தால் ஓடக்கூடிய நிலையில் இருப்பது நம் கையில் இருக்கிறது.

இன்னொருவரையும் நாம் மறத்தல் ஆகாது. லூக்காஸ் விலகியிராவிட்டால் இக்கதையே இல்லை. எப்படியும் ஓடவிட்டுப் பார்ப்போம் என்று அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம்; தடுப்பார் எவருமில்லை. தகுதியற்ற வேளையில் விலகி நிற்பதும் ஒரு தகுதியே. அதே வெள்ளிக்கிழமை மாலை, பெண்குதிரைகளுக்குரிய கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்தை அம்முதியவரின் ‘சீக்ரெட் ஓத்’ வென்றது என்பதையும் வாசகர் அறிய மகிழ்வர்.

வெற்றிக்குப் பின் நடந்தது வெற்றியினும் சிறந்தது என்பது நம் கருத்து. இரண்டு வாரங்களில் பிரீக்னஸ் என்னும் அடுத்த பெரும் பந்தயம். டெர்பியை வென்ற குதிரை உடல்நலத்தோடிருந்தால் அதில் ஓடியே தீரவேண்டும் என்பது எழுதாத வழக்கம். மூன்று பெரும் பந்தயங்களையும் வெல்லும் மணிமுடி ஆசை யாரை விட்டது? டாசனோ, குதிரைக்கு ஓய்வு தேவை என்று சொல்லி மறுத்துவிட்டார். பலர் குறை கூறினர். அவர் அசையவில்லை. ஐந்து வாரம் கழித்து பெல்மான்ட் பந்தயத்தில் ஓடியபோது ஆறாவது இடமே கிடைத்தது. அதன் பின்னரும் அக்குதிரை எந்தப் பந்தயத்தையும் வெல்லவில்லை. தோற்ற எபிசென்டரோ அதே ஆண்டு டிராவர்ஸ் பந்தயத்தை வென்று, மூன்று வயதுக் குதிரைகளில் அவ்வாண்டின் தலைசிறந்ததெனப் பட்டம் பெற்றது.

அப்படியானால் அந்த மே மாத வெற்றி வெறும் தற்செயல்தானே என்று கேட்பார் கேட்கலாம். எபிசென்டர் சிறந்த குதிரை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடம், அந்த ஒன்றேகால் மைல், ரிச் ஸ்ட்ரைக்கினுடையது. வாழ்நாளெல்லாம் வெல்பவர் சிலர். பெரும்பாலோர்க்கு வாய்ப்பது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைச் சிறிதென்று எண்ணுவது நன்றியின்மை. மீண்டும் வரவில்லையே என்று புலம்பி மிச்ச நாள்களைக் கெடுத்துக்கொள்வது பேதைமை.

இருபத்துமூன்று குதிரைகளின் சாம்பலுக்கு நடுவே நின்ற விடியலில் எரிக் ரீட்டுக்கு டெர்பி தெரிந்திராது. எஞ்சிய பதின்மூன்றுக்கும் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதே தெரிந்திருக்கும். அன்று அவர் வாளியைத் தூக்கினார். நம் இல்லங்களிலும் எல்லாம் எரிந்துபோனதாகத் தோன்றும் காலை வருவதுண்டு. அப்போது எண்பது மடங்கைக் கனவு காண வேண்டாம். எஞ்சியிருப்பது எது என்று பார்த்து அதற்குத் தண்ணீர் காட்டுவோம்.