இடுக்குல தெரியுற இருட்டு

படிச்ச புள்ளைகிட்ட கேள்வி கேட்டா பதில் வந்தே ஆகணும்னு ஊர்ல ஒரு எதிர்பார்ப்பு உண்டு. அதுக்குப் பயந்து ஒரு தடவை நான் தப்பான பதில் சொல்லிட்டேன். ஏழெட்டு வருஷமா உறுத்திக்கிட்டிருக்கிற சமாச்சாரம், இன்னிக்கு எழுதி இறக்கி வச்சிடறேன். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்குங்க மக்களே.

2018 நவம்பர் 16 விடியற்காலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை கடந்தது. டெல்டாவுல லட்சக்கணக்கான தென்னை சாய்ஞ்சது. அப்போ நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் தோப்பு. 25 அடிக்கு ஒரு மரம்னு வச்சது, ஏக்கருக்கு 70, ஆக 140 மரம். நான் போய்ச் சேர்ந்தப்போ நின்னுக்கிட்டிருந்தது இருபத்திச் சொச்சம். மத்ததெல்லாம் ஒரே திசையில தலையைச் சாய்ச்சுப் படுத்துக் கிடந்தது. பாடையில படுத்த மாதிரின்னு பெரியம்மா சொன்னாங்க. அதுக்கு மேல அதைப் பத்தி யாரும் பேசல.

கரண்ட் கம்பமெல்லாம் விழுந்துட்டதால ரெண்டு வாரமாகியும் ஊர்ல விளக்கு கிடையாது. கார்த்திகை தீபத்தையே அந்த இருட்டுலதான் கும்பிட்டாங்க. அது முடிஞ்சு அஞ்சாறு நாள் கழிச்சு ஒரு ராத்திரி மேகம் விலகி வானம் சுத்தமா இருந்தது. நிலா இன்னும் கிளம்பல. நானும் பெரியப்பாவும் கயித்துக் கட்டிலைக் கொல்லையில போட்டுப் படுத்திருந்தோம். கிழக்கே கார்த்திகை மீன் கூட்டம், அதுக்குக் கீழே அடிவானத்துல ஓரையன். அத்தனை நட்சத்திரத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. மனுஷன் மரத்தையெல்லாம் பறிகொடுத்துட்டுப் படுத்திருக்காரு, அந்த நேரத்துல வானம் அழகா இருக்குன்னு சொல்லவும் வாய் வரல.

அவர்தான் ஆரம்பிச்சாரு.

“ஏன் தம்பி, ஒரு சூரியன் இருந்தாப் பகலு. இத்தனை சூரியன் இருக்குன்னு நீங்க படிக்கிறீங்க. அப்புறம் ஏன் ராத்திரி இருட்டா இருக்கு?”

நான் யோசிக்கவே இல்ல. “அதெல்லாம் ரொம்ப தூரத்துல இருக்கு பெரியப்பா, அதான்” அப்படின்னேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்புறம் சொன்னாரு: “தூரத்துல இருந்தாச் சின்னதாத் தெரியும், சரி. தோப்புக்குள்ள நின்னாலும் தள்ளியிருக்கிற மரம் சின்னதாத்தான் தெரியுது. ஆனா தள்ளிப் போகப் போக மரமும் நெறயால்ல வருது? மல்லிப்பட்டினம் பக்கம் பெரிய தோப்புக்குள்ள நின்னு பாரு, எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம்தான். இடுக்கே இருக்காது.”

எனக்குப் பதில் தெரியல. “தூங்குங்க பெரியப்பா, காலையில மரம் அறுக்க ஆள் வருது”ன்னு பேச்சை மாத்திட்டேன். இதுல என் தப்பு எதுன்னா, பதில் தெரியாததில்ல. தெரியலன்னு சொல்லாததுதான்.

அவர் எடுத்து வச்சது சாதாரண ஆட்சேபணை இல்லைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சது. ஐரோப்பாவுல முன்னூறு வருஷத்துக்கு மேல பெரிய பெரிய ஆளுங்க மண்டையை உடைச்சுக்கிட்ட கேள்வி அது. 1610லயே கெப்ளர் இதைத் தொட்டிருக்காரு. ஜெர்மனியில டாக்டர் தொழில் பார்த்துக்கிட்டே ராத்திரியில வானம் பார்த்த ஓல்பர்ஸ் 1823ல இதை எழுதினாரு. இன்னிக்கு அவர் பேர்லதான் இது ஓல்பர்ஸ் முரண்னு வழங்குது.

கணக்கு இதுதான். நம்மைச் சுத்தி வானத்தை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காப் பிரிச்சுக்குங்க. ரெண்டு மடங்கு தூரத்துல இருக்கிற நட்சத்திரத்தோட வெளிச்சம் நமக்கு வர்றது நாலுல ஒரு பங்கு. இது ஸ்கூல்லயே படிச்சதுதான். ஆனா ரெண்டு மடங்கு தூரத்துத் தோலோட பரப்பு நாலு மடங்கு, அதுல இருக்கிற நட்சத்திரமும் நாலு மடங்கு. ரெண்டும் அடிபட்டுப் போயிடுது. எல்லாத் தோலும் சமமா வெளிச்சம் தருது. பிரபஞ்சம் முடிவே இல்லாம, காலங்காலமா இப்படியே இருந்துக்கிட்டிருந்தா, எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை கடைசியில ஒரு நட்சத்திரத்துல போய் முட்டியாகணும். ராத்திரி வானம் முழுக்கச் சூரியன் மாதிரி எரியணும். ஆக ‘தூரம்’ங்கிற பதில் அவுட்!

நடுவுல தூசி மறைக்குதுன்னு சொல்லலாமே? ஓல்பர்ஸே கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லித் தப்பிச்சாரு. அதுவும் நிக்காது. செங்கல் சூளைக்குள்ள பச்சைக் கல்லை வச்சா அது தீயை மறைச்சுக்கிட்டே இருக்குமா? சூடேறி அதுவும் சேர்ந்து தகதகன்னு ஆயிடும். தூசியும் அப்படித்தான், காலம் போகப் போக வாங்கின சூட்டுல அதுவே ஒளிர ஆரம்பிச்சிடும்.

இப்போ பெரியப்பா தோப்புக்கே வருவோம். ஒவ்வொரு மரத்துக்கும் 25க்கு 25, அதாவது 625 சதுர அடி இடம். அடிமரம் ஒரு அடி அகலம்னு வச்சுக்கலாம். 625ஐ 1ஆல வகுத்தா 625. அதாவது சராசரியா 625 அடிக்குள்ள பார்வை ஒரு மரத்துல முட்டிடும் (வரிசை பிடிச்சுப் பார்த்தா இடுக்கு தெரியுமேன்னு சண்டைக்கு வராதீங்க, இது தோராயக் கணக்கு). ஒரு ஏக்கர் சதுரமா இருந்தா ஒரு பக்கம் 208 அடிதான். அதனாலதான் எங்க தோப்புல நின்னா இடுக்கு வழியா அந்தாண்ட ரோடு தெரியும், கடலோரத் தோப்புல தெரியாது. இடுக்கு தெரியுதுன்னா தோப்பு அந்த 625 அடி அளவுக்குப் பெருசா இல்லைன்னு அர்த்தம். நடந்து போய் அளக்கவே வேண்டாம், நின்ன இடத்துலேயே சொல்லிடலாம்.

வானத்துலயும் இடுக்கு தெரியுது. அப்போ நமக்குத் தெரியுற ‘தோப்பு’க்கும் ஒரு எல்லை இருக்கு. இந்த எல்லையைப் போட்டது காலம். பிரபஞ்சத்துக்கு வயசு சுமார் 1380 கோடி வருஷம். வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர அவ்வளவு நேரம்தான் கிடைச்சிருக்கு. எல்லா இடுக்கும் அடைபடணும்னா அதைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு வேணும், நட்சத்திரங்களும் அத்தனை காலம் அணையாம எரியணும். ரெண்டுமே நடக்கல. தூரத்து வெளிச்சம் இன்னும் வந்து சேரலங்கிற யோசனையை 1848லயே ஒரு கதை எழுதுறவர் சொல்லிட்டாரு. எட்கர் ஆலன் போ. பேய்க்கதை எழுதினவரேதான்!

அந்த இடுக்குக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லையா? இருக்கு. பிரபஞ்சம் பிறந்து 3,80,000 வருஷத்துல எங்கும் நிறைஞ்சிருந்த சூடான வாயுவோட வெளிச்சம் அங்கே தெரியுது. அப்போ அதோட வெப்பம் சுமார் 3000 டிகிரி. பிரபஞ்சம் விரிய விரிய அந்த ஒளியோட அலைநீளமும் சுமார் 1100 மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத மைக்ரோவேவா ஆயிடுச்சு. 1964ல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேரோட ஆன்டெனாவுல ஓயாம ஒரு இரைச்சல் வந்தது. புறா எச்சமா இருக்கும்னு சுத்தம் பண்ணிக்கூடப் பார்த்தாங்க. போகல. 1978ல நோபல் பரிசு. அதே இரைச்சல்ல ஒரு துளி நம்ம வீட்டுப் பழைய டிவியில சேனல் கிடைக்காதப்போ ஓடின புள்ளிகள்லயும் இருந்தது. ஆக வானம் முழுக்க இருட்டே கிடையாது. நம்ம கண்ணுக்குத்தான் அது எட்டல.

நான் சொல்ல வர்றது இதுதான். ‘ராத்திரி ஏன் இருட்டா இருக்கு’ன்னு ஒரு குழந்தை கேட்டா தயவுசெஞ்சு ‘தூரம்’னு சொல்லி வாயை அடைச்சிடாதீங்க. பிரபஞ்சம் என்னிக்கும் இப்படியே இருந்ததில்லைன்னு, தொலைநோக்கி இல்லாம வெறுங்கண்ணால பார்க்கக் கிடைக்கிற சாட்சி அந்த இருட்டு. கொல்லையில கட்டில் போட்டுப் படுத்தா யாருக்கும் கிடைக்கும். தப்பான பதில் சொன்னாக்கூடப் பரவாயில்ல, ஓல்பர்ஸே சொல்லியிருக்காரு. ஆனா ‘நான் படிச்சவன்’ங்கிற தோரணையில சொல்ற பதில் எதிராளியோட யோசனையையே நிறுத்திடுது. தோப்பு உதாரணம் வானியல் புத்தகங்கள்ல காடுன்னு வரும். பெரியப்பா எந்தப் புத்தகமும் பார்க்காம அதுக்கு வந்துட்டாரு. நான் தூங்கச் சொன்னேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். புயலுக்கப்புறம் வச்ச கன்னெல்லாம் பாளை விட்டுக் காய்க்குது. தெரு விளக்கு வெளிச்சத்துல வானம் முன்ன மாதிரி தெரியல, இருந்தாலும் கொல்லையில உக்கார்ந்து இந்த 625 அடிக் கணக்கையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. அப்புறம் கேட்டாரு:

“சரி தம்பி. இடுக்குல தெரியுற அந்த ரோட்டுக்கு அந்தாண்ட என்ன இருக்கு?”

“தெரியல பெரியப்பா” அப்படின்னேன்.

“அப்ப இன்னும் படி”ன்னுட்டு எழுந்து போயிட்டாரு.