இத்தாலியம் படித்து என்ன செய்யப் போகிறாய்?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் கோலா தெர்லாவிலும் கம்போங் ராஜாவிலும் ரிங்லெட்டிலும் ஒரே பேச்சுதான். மருத்துவமா, பொறியியலா, கணக்கியலா, தாதிமையா? இவற்றுக்கு வெளியே ஒரு மாணவி, "எனக்கு மொழியும் இலக்கியமும் படிக்க ஆசை" என்று சொன்னால் வீடு அமைதியாகிவிடும். அதுவும் வேற்று நாட்டு இலக்கியம் என்றால், "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்ற கேள்வி உடனே வந்து நிற்கும்.

அப்படிக் கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களுக்கு, படிப்பு என்பது நல்ல சம்பளத்துக்கான வழி. பி.டி.பி.டி.என். கடனை எப்படிக் கட்டுவது என்ற கவலையும் நியாயமானதே. ஆனால், அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பதிலைத் தேடிப் பார்க்காமலேயே ஆசையைக் கைவிட்டுவிடுவதுதான் நம் மாணவர்கள் செய்யும் பிழை.

உலகின் பல பல்கலைக்கழகங்களில் இத்தாலிய ஆய்வுத் துறை என்று ஒன்று உண்டு. அங்குள்ள பேராசிரியர் ஒருவர் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இலக்கணம் சொல்லித் தருவார். அடுத்த வகுப்பில் தாந்தேயின் காவியத்தை விளக்குவார். மற்றொரு வகுப்பில் திரைப்படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, காட்சி காட்சியாகப் பேசுவார். மொழி, இலக்கியம், திரைப்படம் ஆகிய மூன்றையும் ஒருவரே கற்பிப்பது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால், ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை அறிய இம்மூன்றும் வேண்டும்.

தாந்தே 1321ஆம் ஆண்டு இறந்தவர். அவர் காலத்தில் கற்றவர்களின் மொழி லத்தீன். அவரோ தம் காவியத்தை மக்கள் பேசிய தஸ்கனி வட்டார மொழியில் எழுதினார். இன்றைய இத்தாலிய மொழிக்கு அதுவே அடித்தளம் ஆனது. வீட்டில் பேசும் மொழி பெரிய காரியங்களுக்கு உதவாது என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

திரைப்படத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியில் சில இயக்குநர்கள் அரங்குகளை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். விட்டோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் தேவைப்படுகிறது. அந்தச் சைக்கிள் திருடு போகிறது. தந்தையும் மகனும் ரோம் நகரம் முழுவதும் அதைத் தேடி அலைகிறார்கள். தந்தையாக நடித்தவர் நடிகர் அல்லர். லம்பெர்த்தோ மஜோரானி என்ற தொழிற்சாலைத் தொழிலாளி.

அந்தப் படத்தை 1950இல் லண்டனில் பார்த்த சத்யஜித் ராய், நாமும் இப்படிப் படம் எடுக்கலாம் என்ற உறுதியோடு இந்தியா திரும்பினார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. ரோம் நகரத்துத் தொழிலாளியின் கதையிலிருந்து வங்காளக் கிராமத்துக் குடும்பத்தின் கதைக்கு வழி பிறந்தது. பிறர் வாழ்க்கையைக் கூர்ந்து படிப்பவனுக்குத் தன் வாழ்க்கையும் கதையாகத் தெரியத் தொடங்கும்.

நம் நாட்டிலும் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015இல் வெளிவந்தது. தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழர்களின் வாழ்க்கையை அப்போய் என்ற 12 வயதுச் சிறுவன் வழியாகச் சொன்ன படம் அது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் நாவில் 'ஜகாட்' ஆனதையே தலைப்பாக வைத்திருந்தார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு எத்தனை தோட்டத்துக் கதைகள் திரைக்கு வந்தன? தேயிலை மலையின் கதை எங்கே? 1929இல் போ நிறுவனம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து எண்ணினாலும், கேமரன் மலையில் தேயிலைத் தொழில் நூறாண்டை நெருங்குகிறது. பசுமையான சரிவுகளைப் படம்பிடித்துச் செல்பவர்கள் ஏராளம். அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதுபவர்கள் மிகச் சிலர்.

"வேற்று மொழி இலக்கியம் படித்தால் தமிழை விட்டுவிடுவார்கள்" என்று அஞ்சுவோரும் உண்டு. அவர்களுக்கு ஒரு தமிழ்ப் பேராசிரியரின் வாழ்க்கையே பதில். அவர்தான் தனிநாயகம் அடிகளார்.

1913இல் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்த அவர், 1934 முதல் 1939 வரை ரோம் நகரில் இறையியல் பயின்றார். அங்கே இத்தாலியத்தையும் வேறு பல ஐரோப்பிய மொழிகளையும் கற்றார். தமிழ் இலக்கியத்தை முறையாகப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். தமிழ்நாட்டில் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழ் கற்றார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதுகலை படித்தார். 1961இல் நம் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இந்திய ஆய்வியல் துறையின் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததற்கு அவரே முதன்மைக் காரணம்.

பல மொழி அறிவு அவருக்கு என்ன தந்தது? 1679இல் அச்சான தமிழ் - போர்த்துகீசிய அகராதி ஒன்றின் படி வத்திகான் நூலகத்தில் இருந்தது. அந்தாவ் தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்த அந்த அகராதியை அடிகளார் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். 1966இல் அதை வெளியிட்டது மலாயாப் பல்கலைக்கழகம். ஐரோப்பிய மொழிகளை அறியாத ஒருவர் அந்த நூலகத்தில் நுழைந்திருந்தால் அதைக் கடந்து போயிருப்பார். தமிழை அறியாத ஒருவர் அதன் மதிப்பை உணர்ந்திருக்க மாட்டார். இரண்டும் அறிந்த ஒருவரால்தான் அது நம் கைக்கு வந்தது.

எதிர்த்திசையிலும் இப்படி ஒருவர் பயணம் செய்தார். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார், தமிழ் கற்று வீரமாமுனிவர் ஆனார். 'தேம்பாவணி'யையும் 1732இல் 'சதுரகராதி'யையும் தந்தார். 'கோலா தெர்லா' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'கோ'வில் இரட்டைக் கொம்பு, 'தெ'யில் ஒற்றைக் கொம்பு. நெடிலையும் குறிலையும் இப்படிப் பிரித்தெழுதும் சீர்திருத்தத்தைத் தந்தவராக அவரைத்தான் போற்றுகிறோம். ஊரின் பெயரை எழுதும்போதெல்லாம் ஓர் இத்தாலியரின் மொழிப் படிப்பு நமக்குப் பயன்படுகிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். இத்தாலியப் பேராசிரியர் வேலைகள் உலகில் எங்குமே குறைவு. முனைவர் பட்டம் வரை பல ஆண்டுகள் படிக்க வேண்டும், போட்டியும் கடுமை. இதை மறைத்து யாருக்கும் ஆசை காட்டக் கூடாது. ஆனால், அந்தப் படிப்பு பேராசிரியர் பதவிக்கு மட்டும் உரியதன்று. மொழிபெயர்ப்பு, படங்களுக்கு வசன வரி எழுதுதல், நூலகம், ஆவணக் காப்பகம், பதிப்பகம், சுற்றுலா, வெளியுறவுத் துறை என்று அதன் கிளைகள் பல. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் தமிழும் இத்தாலியமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. வேறு துறையில் சேர்ந்தாலும், வேற்று மொழி ஒன்றை விருப்பப் பாடமாக எடுக்கப் பல பல்கலைக்கழகங்களில் வாய்ப்பு உண்டு. இத்தாலிய அரசாங்கம் வெளிநாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்குகிறது. அங்குள்ள வட்டார அரசுகளும் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகின்றன. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது முக்கியமான செய்தி.

மொழி கற்பதில் மலைப்பகுதி மாணவர்களுக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், காய்கறிச் சந்தையில் சீனம், அக்கம்பக்கத்தில் ஒராங் அஸ்லி மக்களின் மொழி, வேலையிடத்தில் வங்காளமும் நேப்பாளியும். இத்தனை மொழிகளைக் காதால் கேட்டு வளரும் பிள்ளைக்கு இன்னொரு மொழி எட்டாத உயரத்தில் இல்லை.

ஆகவே, ஐந்தாம் படிவ மாணவர்களே, "கஷ்டமான பாடம்" என்று யாரோ சொன்னதற்காகத் தமிழ் இலக்கியத்தைக் கைவிடாதீர்கள். ஒரு கவிதையை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் உங்களுக்கு அங்கேதான் கிடைக்கும். தாந்தேயைப் படிக்கவும் அதே பழக்கம்தான் தேவை. கல்லூரி மாணவர்களே, அடுத்த தவணையில் விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, எளிதில் 'ஏ' கிடைப்பதை மட்டும் பார்க்காமல் ஒரு புதிய மொழியை எடுத்துப் பாருங்கள். பெற்றோரிடம் பேசும்போது ஆசையை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை ஆண்டுப் படிப்பு, எவ்வளவு செலவு, எந்த உதவித்தொகை, என்னென்ன வேலை என்று எழுதிக் காட்டுங்கள். கணக்கைப் பார்த்த பிறகு அவர்கள் வேண்டாம் என்றால் அதில் நியாயம் இருக்கும். பார்க்காமலே வேண்டாம் என்று சொல்ல நீங்கள் இடம் கொடுக்காதீர்கள்.

இலக்கியமும் திரைப்படமும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு என்று நாம் ஒதுங்கிக்கொண்டால், நம் தாத்தா பாட்டியின் கதையை வேறு யாராவது எழுதுவார்கள். அல்லது அது எழுதப்படாமலே போய்விடும்.