குறிப்புகளைப் பூட்டிவைத்து யாரை வெல்லப் போகிறோம்?

முன்னோட்டத் தேர்வு நெருங்கும் மாதங்களில் வகுப்பறையில் அடிக்கடி கேட்கும் பொய் ஒன்று உண்டு. “வேதியியலுக்கு நல்ல குறிப்பு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால், “நானே இன்னும் படிக்க ஆரம்பிக்கவில்லை” என்று பதில் வரும். அப்படிச் சொல்பவரின் பையில் துணைப்பாட நிலையம் கொடுத்த தடித்த கோப்பு இருப்பது கேட்டவருக்கும் தெரியும். இருவரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இதற்கு நம் ஊரில் ‘கியாசு’ என்று பெயர். தோற்றுவிடுவோமோ என்ற பயம். இந்தப் பழக்கத்தைப் பண்புக் குறைவு என்று கண்டிக்க நான் வரவில்லை. அது ஒரு தவறான கணக்கு என்பதே என் கருத்து.

“எல்லாரும் நன்றாக எழுதினால் ‘பெல் கர்வ்’ ஏறிவிடும், என் ‘ஏ’ போய்விடும்” என்று மாணவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால், ஜிசிஇ சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகளில் இத்தனை விழுக்காட்டினருக்குத்தான் ‘ஏ’ என்ற ஒதுக்கீடு கிடையாது. ஒரு மாணவர் எட்டிய தரத்தைப் பொறுத்தே அவருக்குத் தேர்ச்சிநிலை வழங்கப்படுகிறது. பக்கத்து இருக்கைத் தோழி ‘ஏ’ வாங்குவதால் என்னுடைய ‘ஏ’ குறைவதில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் முன்பு இருந்த ‘டி-ஸ்கோர்’ முறை, ஒரு மாணவர் மற்ற மாணவர்களோடு ஒப்பிடும்போது எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டியது. 2020ல் அந்தத் தேர்வை எழுதியவர்களில் நானும் ஒருவர். அதுவே பழைய முறையின் கடைசி ஆண்டு. 2021ல் 8 அடைவுநிலைகள் கொண்ட புதிய முறை வந்தது. இப்போது 90 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு, மற்றவர்கள் எப்படிச் செய்திருந்தாலும் முதல் அடைவுநிலைதான். முறை மாறிவிட்டது. ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளக்கும் பழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை.

“மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு இடங்கள் குறைவாயிற்றே, அங்கே போட்டி இல்லையா?” என்று கேட்கலாம். போட்டி உண்டு. ஆனால், அந்தப் போட்டி தீவில் உள்ள எல்லாத் தொடக்கக் கல்லூரிகளிலிருந்தும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலிருந்தும் விண்ணப்பிப்பவர்களோடு. அத்தனை பேரில் ஒருவரிடம், அதுவும் தினமும் நமக்குப் பக்கத்தில் உட்காருபவரிடம், குறிப்பை மறைத்து என்ன லாபம்? சந்தேகம் வந்தால் உடனே கேட்கக்கூடிய ஒருவரை இழப்பதுதான் மிச்சம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஓராண்டில் செலவிட்ட தொகை 1.8 பில்லியன் வெள்ளி. வருமானத்தில் மேல்தட்டில் உள்ள 20 விழுக்காட்டுக் குடும்பங்கள், அடித்தட்டு 20 விழுக்காட்டினரைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாகச் செலவிட்டன. அப்படியானால், பையில் ஒளித்துவைக்கும் அந்தக் கோப்பு முழுக்க முழுக்க நம் உழைப்பு அல்ல. பெற்றோரின் பணமும் அதில் இருக்கிறது. அந்தப் பணம் இல்லாத வீட்டிலிருந்து வரும் மாணவருக்குச் சிண்டாவின் துணைப்பாட வகுப்புகள் கைகொடுக்கின்றன. ஆனால், செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு கணக்கு புரியாமல் நிற்கும்போது அவர் வகுப்புத் தோழரைத்தான் கேட்க முடியும்.

தமிழ் படிக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் கடைகளில் பயிற்சி நூல்கள் குவிந்து கிடக்கின்றன. தமிழுக்கு அந்த வசதி இல்லை. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களில் பல பள்ளிகளின் மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஆறு பேர் ஆளுக்கொரு கட்டுரையை, ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்ததை, மற்றவர்களுக்குக் காட்டினால் ஒவ்வொருவரும் ஆறு கட்டுரைகளிலிருந்து கற்கலாம். மறைத்தால் ஆளுக்கு ஒன்றுதான்.

பகிர்வது என்றால் டெலிகிராம் குழுவில் நாற்பது கோப்புகளைக் கொட்டுவது அல்ல. அவற்றைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. எங்கள் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து பொருளியல் பாடத்தைப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு தலைப்பு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு பக்கம் எழுதிவந்து மற்ற நால்வருக்கும் விளக்க வேண்டும். தேவையின் விலை நெகிழ்ச்சியை விளக்கிய நண்பர் இலக்கணத்தைத் தெளிவாகச் சொன்னார். “அப்படியென்றால் பேருந்துக் கட்டணம் ஏறினால் என்ன ஆகும், டாக்சிக் கட்டணம் ஏறினால் என்ன ஆகும்?” என்று ஒருவர் கேட்டதும் திணறிப்போனார். அரைமணி நேரம் எல்லாரும் விவாதித்துத்தான் விடை கண்டோம். அந்தத் தலைப்பை இன்று எங்களில் மிக நன்றாக அறிந்தவர் விளக்கியவர்தான். தனியாகப் படித்திருந்தால் அந்தக் கேள்வியை அவர் தேர்வு மண்டபத்தில்தான் சந்தித்திருப்பார்.

எல்லையும் வேண்டும். மதிப்பெண்ணுக்காக ஒப்படைக்க வேண்டிய வேலையைப் பார்த்து எழுதக் கொடுப்பது பகிர்வு அல்ல, ஏமாற்று. துணைப்பாட நிலையத்தின் நூலை அப்படியே படியெடுத்துப் பரப்புவதும் சரியல்ல, அதன் பதிப்புரிமை அவர்களுடையது. ஆனால், படித்துப் புரிந்துகொண்டு நம் சொந்தச் சொற்களில் எழுதிய பக்கம் நம்முடையது. அதைக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

“நான் மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், மற்றவர்கள் வாங்கிக்கொள்ள மட்டும் வருகிறார்கள்” என்ற மனக்குறை நியாயமானது. அதனால்தான் குழு சிறியதாக இருக்க வேண்டும் என்கிறேன். ஐந்து பேர் இருந்தால் யார் எழுதவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். முகத்துக்கு நேரே, கோபமில்லாமல் கேட்கவும் முடியும்.

கல்வி கொடுக்கக் கொடுக்க வளரும் செல்வம் என்று தமிழ்க் கட்டுரைகளின் முடிவுரையில் நாம் எத்தனை முறை எழுதியிருப்போம்! அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். இந்த வாரம் உங்களுக்கு நன்றாகப் புரிந்த ஒரு தலைப்பை எடுத்து ஒரு பக்கம் எழுதுங்கள். கேட்கத் தயங்கி நிற்கும் ஒருவர் உங்கள் வகுப்பிலும் இருப்பார். அவரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.