வயிறு சிறுத்தது, ஷிப்டு சிறுக்கவில்லை

“உழைக்கிற உடம்பில் கொழுப்பு ஏறுமா? அதெல்லாம் மாளிகைவாசிகளின் வியாதி அல்லவா?”

கன்னிவாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நூல் மில்லுக்குப் போகும் ஒரு பெண் தொழிலாளி, பருமனைக் குறைக்க வயிற்றில் ரண சிகிச்சை செய்துகொண்டார் என்ற செய்தி வந்தபோது நம் கூட்டத்தில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் நல்ல தோழர். கேள்வியைக் கேட்டுச் சிரித்தவர்களில் நாமும் உண்டு. சிரித்தது தவறு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதுகிறோம்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். ஆண்களில் முப்பத்தேழு பேர். அதே கணக்கெடுப்பில், அதே பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேருக்கு ரத்த சோகை. உடம்பு பருத்திருக்கிறது, ரத்தமோ வெளுத்திருக்கிறது! இது விருந்துண்டு கொழுத்தவர்களின் கணக்கா? ரேஷனில் அரிசி இலவசம். பருப்போ மாதம் ஒரு கிலோதான். இங்கே விளையும் காய்கறியும் முருங்கையும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரியேறிப் போகின்றன. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவன் கையில் கிடைப்பது பாமாயிலில் பொரித்த வடையும், சர்க்கரை கொட்டிய டீயும், பரோட்டாவும். தூக்கம் கெட்ட உடம்பில் அது கொழுப்பாக நிற்காமல் என்ன செய்யும்?

அந்தச் சகோதரிக்கு எடை 118 கிலோ. சர்க்கரை நோய் வேறு. முழங்கால் தேய்ந்து ரிங் பிரேமுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. நகையை விற்று, குழுக் கடன் வாங்கி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை செய்துகொண்டார். மூன்று லட்சத்துக்கு மேல் ஆயிற்று. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்து, மிச்சத்தை வாழைப்பழம் போல் ஒரு குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். ஒரு டம்ளர்கூட நிறையாத வயிறு அது.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையே தொழிலாளி வர்க்கம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அந்தக் காலத்தில் அல்சர் வந்தால் கத்திதான் வைத்தியம். வயிற்றில் நெடுக்குத் தழும்போடு திரியும் பெரியவர்களை நம் ஊர்களில் இன்றும் பார்க்கலாம். அல்சருக்கு ஒரு கிருமியே பெரிய காரணம் என்று ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் 1982இல் கண்டுபிடித்த பிறகு, மாத்திரையிலேயே குணமாயிற்று. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதற்கு முன்பே, அமெரிக்காவில் ஐயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்திருந்தார். அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் உடம்பு பெருக்காமல் மெலிந்தே இருந்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டு 1966இல் அவர் பருமனுக்கான சிகிச்சையை உண்டாக்கினார். நோயாளிகளின் இழப்பிலிருந்து கற்ற பாடம், பிற்பாடு லட்சக்கணக்கில் விலை வைத்த சரக்காகிவிட்டது.

நிதின் கட்காரி 2011இலும், அருண் ஜேட்லி 2014இலும் இதைச் செய்துகொண்டார்கள். அது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. சர்க்கரை நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்களுக்கு இது உயிரைக் காக்கும் சிகிச்சை. விஞ்ஞானத்தை நாம் பழிப்பதில்லை. ஆபத்து இல்லை என்றும் சொல்லமாட்டோம். 2024 ஏப்ரலில் புதுச்சேரி வாலிபர் ஒருவர் இதற்காகச் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிரோடு வீடு திரும்பவில்லை. சர்க்கார் விசாரணை வைத்தது. ஆனால் நாம் எழுத வந்தது சிகிச்சை மேஜையைப் பற்றியல்ல, அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி. மந்திரிகள் தேறிவருவதற்கு வீடு உண்டு, ஆள் உண்டு, ஓய்வு உண்டு. மில் தொழிலாளிக்கு?

சிகிச்சைக்குப் பின் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர்கள் விதித்திருப்பதைக் கேளுங்கள். முதலில் சில நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். பிறகு மோர், பருப்புத் தண்ணீர், கஞ்சி. அதன்பின் சில வாரம் மசித்த பருப்பு, குழைத்த இட்லி, மசித்த முட்டை. கெட்டியான சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஒரு வேளைக்கு நாலைந்து கரண்டிதான்; ஆகவே நாளைக்கு ஐந்தாறு வேளை. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, அரை மணி நேரம் எடுத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போதும், பின்னால் அரை மணி நேரமும் தண்ணீர் கூடாது. மற்ற நேரத்தில் மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும். தட்டில் முதல் இடம் புரதத்துக்கு: முட்டை, பயறு, மீன், தயிர். நாளைக்கு அறுபது கிராம் புரதமாவது வேண்டும் என்கிறார்கள்; ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய ஆறு கிராம்தான். பிசுபிசுத்த சோறும் பரோட்டாவும் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். இனிப்பு அதிகமானால் சிலருக்கு வியர்த்து, படபடத்து, தலை சுற்றும். சத்து மாத்திரையை ஆயுள் முழுக்க விடக்கூடாது. ரத்தப் பரிசோதனையையும் விடக்கூடாது. ஒன்றரை மாதம்வரை பாரம் தூக்கக்கூடாது.

இதையெல்லாம் எந்த ஷிப்டில் செய்வது?

அந்தச் சகோதரி இருபத்து மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பினார். இ.எஸ்.ஐ. கார்டு இருந்திருந்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு கிடைத்திருக்கும். அவர் காண்டிராக்ட் கணக்கில் இருந்தவர். கார்டும் இல்லை, உதவியும் இல்லை. குழுக் கடனுக்கோ வாரா வாரம் தவணை. ஐந்து மணி நேர வேலைக்கு அரை மணி நேர ஓய்வு என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. அதுவே முழு வயிற்றுக்குப் போட்ட கணக்கு. கால் வயிற்றுக்காரிக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டும். மேஸ்திரி விடவில்லை. “உனக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்றான். கிடைத்த பத்து நிமிஷத்தில் அள்ளி விழுங்கினார். வாந்தி. மறுநாளும் வாந்தி. பிறகு பயந்துபோய்ச் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டார்.

வீட்டிலும் நிலைமை சுலபமாக இல்லை. கொழுந்தனார் வீட்டுக் கல்யாணத்தில், “இன்னொரு கரண்டி வாங்கிக்க மதினி, மெலிஞ்சு போய்ட்டியே” என்று பாயசத்தை ஊற்றினார்கள். மறுத்தால் மரியாதைக் குறைவாம்! அன்பால் செய்யும் கொடுமையும் உண்டு.

மூன்றாவது வாரம் பாதம் மரத்தது, நடை தள்ளாடியது, பார்வை இரண்டாகத் தெரிந்தது. ‘காத்துக் கருப்பு’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போக இருந்தார்கள். நாம் போய், “அண்ணன் சொல்றதைக் கேளும்மா, முதல்ல பெரியாஸ்பத்திரி” என்று திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனோம். சர்க்கார் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை நாளா வாந்தி?” பி-1 என்னும் வைட்டமின் உடம்பில் வற்றிவிட்டது என்றார். ஊசி போட்டார்கள். சில நாளில் பார்வை தெளிந்தது; கால் இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. தாமதித்திருந்தால் மூளையே நிரந்தரமாகக் கெட்டிருக்கும் என்றார் டாக்டர்.

இது பெரிபெரி என்ற பழைய நோயின் உறவு. தீட்டிய பச்சரிசியையே நம்பிய ஏழைகளின் நோய் அது. நூறு வருஷத்துக்கு முன் குன்னூரில் மெக்காரிசன் என்ற டாக்டர் இதைப் பற்றி ஆராய்ந்தார். புழுங்கல் அரிசி தின்ற ஜில்லாக்களில் அது அரிது. புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அரிசி ஆலையின் லாபம் கொண்டுவந்த நோய், இன்று நூல் ஆலையின் ஷிப்டு வழியாகத் திரும்பி வருகிறது!

ஆகவே இந்தச் சிகிச்சை செய்துகொண்ட யாருக்கும் நாம் சொல்வது: வாந்தி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காத்திராதீர்கள். கால் மரத்தால், பார்வை கலங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்ன சிகிச்சை செய்துகொண்டேன் என்று முதலில் சொல்லுங்கள். முடி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்ப வளரும். பிள்ளைப்பேற்றை ஒன்றரை வருஷமாவது தள்ளிப் போடுங்கள். சாராயம் முன்னைவிட வேகமாகத் தலைக்கேறும். பீடி, சிகரெட் தையலை ஆறவிடாது.

சர்க்காரைக் கேட்பதும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. அந்தப் பையில் இவர்களுக்கான வைட்டமினும் இரும்பும் கால்சியமும் சேர்ந்தால் என்ன? ரேஷன் பருப்பை இரண்டு கிலோவாக்கினால் இவர்களுக்கு மட்டுமா நன்மை? காட்டு வேலைக்குப் போகும் விவசாயத் தொழிலாளிக்கு மேஸ்திரிகூட இல்லை, சம்பளத்தோடு லீவும் இல்லை. களை வெட்டுக்குக் குனிந்தால்தான் கூலி. அவருக்கு எந்த ரண சிகிச்சையானாலும் ஓய்வுக்கால உதவி வேண்டும் என்பது நம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கோரிக்கையாக வேண்டும்.

மில் நிர்வாகத்திடம் சங்கம் மனுக் கொடுத்திருக்கிறது: டாக்டர் சீட்டு உள்ளவர்களுக்கு மூன்று மணிக்கொரு முறை பதினைந்து நிமிஷம், உட்கார்ந்து செய்யும் வேலை, காண்டிராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. மானேஜர் வாங்கி வைத்துக்கொண்டு, “ஒருத்திக்காக மிஷினை நிறுத்த முடியாது” என்றார். நிறுத்தச் சொல்லி யார் கேட்டது? பக்கத்து பிரேம் பெண்கள் அந்தப் பதினைந்து நிமிஷமும் இரண்டு பிரேமையும் பார்த்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்தோரு கையெழுத்து. அந்தத் தாள் இப்போது மானேஜர் மேஜையில் இருக்கிறது.