அடிக்கோடு பூட்டு ஆகாது

பெர்லில் பேக்கேஜ் போட்டால் உள்ளிருப்பது பத்திரம் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. பேக்கேஜ் வெறும் பெயர்வெளி. ஆப்ஜெக்ட் பெரும்பாலும் பிளெஸ் செய்த ஒரு ஹாஷ்; கீயின் பெயர் தெரிந்த எவரும் கைவைக்கலாம். பெயருக்கு முன்னால் அடிக்கோடு போடுவது 'தொடாதீங்க' என்ற வேண்டுகோள், அவ்வளவுதான்.

நானும் அவசரத்துக்குத் தொட்டவன். அடுத்த பதிப்பில் அந்த கீயின் பெயர் மாறியது. என் நிரல் பிழை ஏதும் சொல்லாமல் வெற்று மதிப்பையே எடுத்துக்கொண்டிருந்தது. தப்பு என்னோடதுதான். ஆனா மரியாதையை மட்டும் நம்பினால் அவசரக்காரனை யார் தடுப்பது?

'மை' போட்ட மாறி, தன் பிளாக்குக்கு வெளியே தெரியாது. 2023இல் 5.38 கொண்டுவந்த கிளாஸில் ஃபீல்டுகளும் அப்படித்தான். பரிசோதனை முத்திரையோடுதான் வந்தது. இருக்கட்டும், புதுசா எழுதுறவங்க அங்கிருந்தே தொடங்குங்க.