விண்ணில் மிதந்த வீடு

சகோதரர் சச்சரவிடாத வீடு உலகில் எங்கும் இல்லை. ஒரு பந்துக்காகவோ, ஒரு துண்டுப் பலகாரத்துக்காகவோ, தந்தையாரின் அரைமணி நேரத்துக்காகவோ மூளும் அப்போர்கள் பெரும்பாலும் மாலைக்குள் ஓய்ந்துவிடும். எனினும், கோபம் தலைக்கேறிய வேளையில், "நீ பிறவாமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிடும் பிள்ளைகளும் உளர். அச்சொல் பலித்துவிட்டால் என்னாகும்? இவ்வினாவை எழுப்பும் படமொன்றைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணுகிறோம்.

2005ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸதூரா' என்னும் அமெரிக்கப் படமே அது. ஜோன் பவ்ரோ நெறிப்படுத்திய இப்படத்துக்கு மூலமாயமைந்தது, கிறிஸ் வான் அல்ஸ்பேர்க் 2002இல் எழுதிச் சித்திரமும் வரைந்த சிறுவர் நூல். 1981இல் 'ஜுமாஞ்சி'யையும் 1985இல் 'போலார் எக்ஸ்பிரஸ்' என்ற நூலையும் ஆக்கியவரும் இவரே. அவ்விரண்டும் அமெரிக்காவில் சிறுவர் சித்திர நூல்களுக்கு வழங்கப்படும் கால்டிகொட் பதக்கத்தைப் பெற்றவை. 'ஜுமாஞ்சி' நூலின் ஈற்றில் விளையாட்டுப் பெட்டியோடு ஓடும் சிறுவர் இருவரே 'ஸதூரா'வின் நாயகர்.

படத்தில் அச்சிறுவரின் பெற்றோர் பிரிந்து வாழ்கின்றனர். தந்தையார் வேலை நிமித்தம் வெளியே சென்றிருக்க, தமக்கை லீசா உறங்கிக்கொண்டிருக்கிறாள். தமையன் வோல்ட்டரோடு பிணங்கிய தம்பி டானி, வீட்டின் நிலவறையிலே பழைய தகர விளையாட்டொன்றைக் காண்கிறான். திறப்பை முறுக்கிப் பொத்தானை அழுத்தினால் சிறு விண்கலம் நகரும், அட்டையொன்று வெளிவரும். அட்டையிற் கண்டது அப்படியே நிகழும். முதல் அட்டை எரிகல் மாரியை அழைக்கிறது. கதவைத் திறந்தால் தெருவுமில்லை, மரமுமில்லை. வளையஞ் சூழ்ந்த கிரகமொன்றின் அருகே வீடு மிதந்து கொண்டிருக்கிறது!

"காற்றில்லா வெளியில் இவர்கள் மூச்சுவிடுவது எங்ஙனம்?" என்று மாணவ வாசகர் கேட்பர். நியாயமான கேள்விதான், படத்தில் அதற்கு விடையில்லை. ஆயினும் அவ்வளையக் காட்சி சனிக் கிரகத்தை நினைவூட்டாமற் போகாது. படம் வெளிவருவதற்கு முந்திய ஆண்டாகிய 2004இலேதான் காசினி விண்கலம் சனியை அடைந்தது. 2017 வரை அது அங்கு ஆய்வு நடத்தியது. சனியின் வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகளாலானவை என்பதை மாணவர் அறிந்துகொள்வது நன்று.

இப்படத்தில் கணினி வித்தைகளைக் குறைத்து, கைவினைக்கே நெறியாளர் முதலிடம் அளித்துள்ளார். றோபோவும், பல்லியுருக் கொண்ட சோர்கன்களும் ஸ்டான் வின்ஸ்டன் கலைக்கூடத்தில் உருவாக்கப்பட்டவை. பிள்ளைகளின் முகத்திலே தோன்றும் திகில் இயல்பாயிருப்பதற்கு, அஞ்சத்தக்க ஒன்று அவர்கள் கண்முன்னே நின்றதும் ஒரு காரணம் எனலாம்.

படத்தின் உயிர் வேறிடத்தில் உள்ளது. நடுவே விண்வெளி வீரர் ஒருவர் அவ்வீட்டை வந்தடைகிறார். நூலில் இல்லாத பாத்திரம் இது. அவரும் ஒருகாலத்தில் தம் தம்பியோடு இவ்விளையாட்டை ஆடியவர். விரும்பியதைத் தரும் அட்டை கைக்கு வந்தபோது, கோபத்தினால் தம்பி பிறவாதிருக்க வேண்டுமென வேண்டினார். வேண்டியது கிடைத்தது. ஆனால், ஆட்டத்தில் அடுத்த முறை தம்பியுடையது. தம்பியின் முறையைத் தம்பியே ஆடவேண்டும். ஆடுவதற்கு அவன் இல்லை. ஆகவே ஆட்டமும் முடியவில்லை, வீடு திரும்பும் வழியும் பிறக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தன்னந்தனியே விண்ணில் அலைந்தார்.

தம்பியை ஒழித்தவன் தன் வழியையும் ஒழித்துக்கொண்டான். இதனினும் தெளிவாக ஒற்றுமையைப் பிள்ளைகளுக்கு விளக்க நம்மால் இயலுமா? மேடையேறி உபதேசிக்காது, விளையாட்டின் விதியொன்றினாலேயே படம் இதை உணர்த்திவிடுகிறது. வோல்ட்டரின் கைக்கும் அத்தகைய அட்டை வருகிறது. அவன் எதை வேண்டுகிறான், அவ்வீரர் உண்மையில் யார் என்பவற்றை நாம் சொல்லப் போவதில்லை, பார்த்தே அறிக.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சோர்கன்கள் வரும் காட்சிகள் மிகச் சிறிய குழந்தைகளை அச்சுறுத்தக்கூடும். கடுஞ்சொற்கள் சிலவும் உண்டு. ஆகையால் பிள்ளைகளைத் தனியே விடாது, உடனிருந்து பார்ப்பதே தக்கது. தந்தைமாரும் வேலையை ஒருபுறம் வைத்துவிட்டு வந்தமர்வாராக. அந்த வீட்டின் சண்டைக்கு வித்து, தந்தையார் யாரோடு விளையாடுவார் என்பதே. மூத்தவனையும் இளையவனையும் பக்கத்திற் பக்கமாக இருத்துங்கள். படம் முடியுமுன்னே யாருடைய கை யாருடைய கையைப் பற்றுகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள்.